லாக் யார் கையில இருக்கு? ஒரே வொர்க்ஸ்பேஸா, தனித்தனியா?

உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கிளவுட்ல ஓடுதுன்னா ஒரு சின்னக் கேள்வி. அதோட லாக் எல்லாம் எங்க போய்ச் சேருது? 'டீஃபால்ட்டா எங்க போகுமோ அங்க'ன்னு சொன்னீங்கன்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இன்னும் சில மாசத்துல நம்மில் நிறைய பேர் ஏதாவது ஒரு கம்பெனியோட கிளவுட் அக்கவுன்ட்டைத் தொடப் போறோம். அங்க டீஃபால்ட்டுக்கு மாசா மாசம் பில் வரும். ஏதாவது தப்பு நடந்தா, 'லாக் எங்கப்பா'ன்னு கேள்வியும் வரும்.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. லாக்னா வரவு ஏடு. யார் எப்போ உள்ளே வந்தாங்க, என்ன கேட்டாங்க, எது ஃபெயில் ஆச்சுன்னு சர்வர் நேரம் போட்டு எழுதி வைக்கிறது. வொர்க்ஸ்பேஸ்ங்கிறது அந்த ஏடுகளை அடுக்கி வச்சு, வேணும்போது தேடிப் பார்க்கிற அலமாரி. அஸூர்ல இதுக்கு லாக் அனலிட்டிக்ஸ் வொர்க்ஸ்பேஸ்னு பேரு. கூகுள் கிளவுட்ல லாக் பக்கெட். ஏடபிள்யூஎஸ்ல கிளவுட்வாட்ச் லாக் குரூப். பேர் எதுவா இருந்தாலும் டிசைன் பண்ற ஆளுக்கு வர்ற முதல் கேள்வி ஒண்ணுதான்: கம்பெனி முழுக்க ஒரே அலமாரியா, இல்ல டீமுக்கு ஒண்ணு, ப்ராஜெக்ட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒண்ணுல தொடங்குங்க. பிரிக்கணும்னா காரணத்தை ஒரு வரியில எழுதிக் காட்ட முடியணும். ஆனா ஆடிட் லாக், செக்யூரிட்டி லாக் ரெண்டுக்கும் மட்டும் ஒரு காப்பி, அந்த லாக்ல யாரோட வேலை பதிவாகுதோ அவங்க கை எட்டாத இடத்துல இருக்கணும். மூணாவது விஷயத்துலதான் எனக்குப் பிடிவாதம் அதிகம். அது ஏன்னு புரிய, கல்மண்டபத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போகணும். அதுக்கு முன்னாடி கணக்கைப் பார்த்துடலாம்.

ஈபி பில்லுக்கு நேர் எதிர்

நம்ம ராயபுரம் பக்கம் ஒரே வீட்டுல நாலு குடித்தனம் இருக்கும். நாலுக்கும் ஒரே ஈபி மீட்டர்னா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். யூனிட் எல்லாம் கூடி மேல் ஸ்லாபுக்குப் போயிடும், ரேட் ஏறும். 100 யூனிட் இலவசமும் ஒரு வீட்டுக்குத்தான் கிடைக்கும். அதனால 'தனி மீட்டர் வாங்கு'ங்கிறதுதான் நம்ம ஊர் புத்தி.

கிளவுட் லாக்ல கணக்கு தலைகீழ். அஸூர்ல ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி அனுப்புவேன்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டா தள்ளுபடி உண்டு. அந்தப் படி வழக்கமா தினம் 100 ஜிபியில தொடங்குது. மூணு டீம், ஆளுக்கு 40 ஜிபின்னு வச்சுக்குங்க. தனித்தனி வொர்க்ஸ்பேஸ்ல போட்டா மூணு பேருக்கும் 100 எட்டாது, மூணு பேரும் முழு ரேட் கட்டணும். ஒண்ணா போட்டா 120, தள்ளுபடி கிடைச்சிடும். கூட்டினா ஈபி ஏறும், கிளவுட் இறங்கும். தனி மீட்டர் புத்தியை அப்படியே இங்க கொண்டு வராதீங்க.

காசை விட எனக்கு முக்கியமாப் படுறது தேடுற வேகம். ஒரு தாக்குதல் ஒரே டீமோட எல்லைக்குள்ள நிக்காது. லாகின் லாக் ஒரு இடம், டேட்டாபேஸ் லாக் ஒரு இடம், ஃபயர்வால் லாக் இன்னொரு இடம்னு கிடந்தா, கதையை ஒட்டுறதுக்குள்ள விடிஞ்சிடும். 2022 ஏப்ரல் 28 அன்னிக்கு செர்ட்-இன் போட்ட உத்தரவைப் பாருங்க. சைபர் சம்பவத்தைக் கவனிச்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குத் தகவல் சொல்லணும். லாக்கை 180 நாள் வச்சிருக்கணும், கேட்டா தரணும். எல்லா சிஸ்டத்தோட கடிகாரமும் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட நேரத்தோட ஒத்துப் போகணும். 6 மணி நேரத்துல ஏழு வொர்க்ஸ்பேஸ் கதவைத் தட்டி பர்மிஷன் கேட்டுட்டு இருக்க முடியுமா?

180 நாள்ங்கிறதையும் கொஞ்சம் கவனிங்க. அஸூர் வொர்க்ஸ்பேஸ்ல பொதுவா 31 நாள்தான் இலவசம். கூகுள் கிளவுட்ல டீஃபால்ட் பக்கெட் 30 நாள். ஏடபிள்யூஎஸ் கிளவுட்ட்ரெயில்ல நீங்க ஒண்ணும் செட் பண்ணலன்னா 90 நாள் ஹிஸ்டரி தெரியும். இந்த மூணுல எந்த டீஃபால்ட்டும் 180ஐத் தொடல. பத்து வொர்க்ஸ்பேஸ் இருந்தா பத்து இடத்துல இதை மாத்தணும், ஒண்ணை மறந்தாலும் போச்சு.

சரி, அப்போ எப்போ பிரிக்கலாம்?

பிரிக்க நியாயமான காரணங்கள் இருக்கு. ஒவ்வொண்ணா வரேன்.

முதல் காரணம், சட்டமும் ஊரும். ஐரோப்பாவுல ஒரு ப்ராஞ்ச், சென்னையில ஒரு ப்ராஞ்ச்னா அங்கத்த ஆளோட டேட்டாவை இங்க கொண்டு வர அனுமதி இல்லாம இருக்கலாம். ஒரு ரீஜன்ல இருந்து இன்னொரு ரீஜனுக்கு அனுப்புறதுக்கு நெட்வொர்க் செலவும் உண்டு. அப்போ பிரிங்க.

ரெண்டாவது காரணம் காசு. இது மேல சொன்ன கணக்கைத் திருப்பிப் போடும். அஸூர்ல ஒரு வொர்க்ஸ்பேஸ்ல சென்டினல்ங்கிற செக்யூரிட்டி சேவையை ஆன் பண்ணினா, அந்த வொர்க்ஸ்பேஸுக்குள்ள வர்ற எல்லா லாக்குக்கும் சென்டினல் ரேட் விழும். நம்ம 120 ஜிபியில 80 ஜிபி சிபியு எவ்வளவு, மெமரி எவ்வளவுங்கிற பெர்ஃபார்மன்ஸ் கணக்குன்னா, செக்யூரிட்டி டீம் எட்டிக்கூடப் பார்க்காத அந்த 80க்கும் சேர்த்துக் கட்டணும். கிடைக்கிற தள்ளுபடி பெருசா, கூடுற ரேட் பெருசான்னு பேப்பர்ல போட்டுப் பாருங்க. பல இடத்துல 'ஆபரேஷன்ஸ் ஒண்ணு, செக்யூரிட்டி ஒண்ணு'ன்னு ரெண்டாப் பிரிக்கிறது ஜெயிக்கும்.

மூணாவது காரணம், சொந்தக்காரர் வேற. கம்பெனி வேற, டெனன்ட் வேற, வாடிக்கையாளர் வேறன்னா ஏடும் வேற.

இப்போ நியாயமில்லாத காரணத்துக்கு வரேன். 'என் லாக்கை அடுத்த டீம் பார்த்துடும், அதனால எனக்குத் தனி வொர்க்ஸ்பேஸ் வேணும்'. எங்க போனாலும் இதைத்தான் முதல்ல சொல்லுவாங்க. இதுக்காகப் பிரிக்கத் தேவையில்ல. ஒரு மெஷின் மேல யாருக்கு அனுமதி இருக்கோ அவங்களுக்கு அந்த மெஷினோட லாக் மட்டும் தெரியுற மாதிரி ஒரே வொர்க்ஸ்பேஸுக்குள்ளயே வைக்கலாம். டேபிள் அளவுலயும் பூட்டுப் போடலாம். ஹாஸ்டல்ல ஆளுக்கு ஒரு லாக்கர் குடுக்கணும்னு ஆளுக்கு ஒரு பில்டிங் கட்டுவோமா?

இன்னொரு குழப்பமும் உண்டு. நெட்வொர்க்கைப் பிரிக்கிறது வேற, லாக்கைப் பிரிக்கிறது வேற. 2019ல கூடங்குளம் விஷயம் ஞாபகம் இருக்கா? மால்வேர் வந்திருக்குன்னு செய்தி வந்ததும் முதல்ல மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30, அணுமின் கழகம் ஒத்துக்கிச்சு. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோட சேர்ந்த நெட்வொர்க்ல இருந்த ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் இருந்தது, அது உள்ளே இருக்கிற முக்கியமான நெட்வொர்க்ல இருந்து தனியா இருக்குன்னு சொன்னாங்க. அங்க காப்பாத்தினது நெட்வொர்க் பிரிவு. அதைக் காட்டி 'அதனால லாக்கையும் பிரிச்சு வை'ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஓட்டம் தனியா இருக்கட்டும். ஓட்டத்தைப் பத்தி எழுதுற ஏடு ஒரு வழிப்பாதையில ஒரே இடத்துக்கு வரலாம்.

இப்போ எண்ணூருக்கு வருவோம்

இது எல்லாம் டேட்டா சென்டர் கதைதானேன்னு நினைக்கிறவங்களுக்கு இந்தப் பகுதி. எங்க பக்கத்து ஆளுங்க இதே கேள்வியை வேற பாஷையில ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க. ராத்திரி திடீர்னு ஒரு நாத்தம் வரும். வாட்ஸ்அப் குரூப்ல 'உங்க பக்கமும் வருதா?', 'எந்த கம்பெனி?'ன்னு மெசேஜ் ஓடும். காலையில காத்து மாறிடும், பேச்சும் மாறிடும். யார் வாசல்ல இருந்து வந்ததுன்னு ஆதாரத்தோட யாராலயும் சொல்ல முடியாது. இதுவும் ஒரு லாக் பிரச்னைதான்.

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம்னு ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. முதல்ல எண்ணெய் மாசு இல்லைன்னுதான் அறிக்கை வந்தது. அடுத்தடுத்த நாள்ல எர்ணாவூர் கரையில தார் மாதிரி எண்ணெய் ஒதுங்கி, இளைஞர்கள் பக்கெட்ல அள்ளின படத்தை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அப்போ நம்ம பேட்ச் ஸ்கூல்ல இருந்தது.

லாக் கண்ணால இதைப் பாருங்க. பெரிய கப்பல்கள்ல வி.டி.ஆர்.னு ஒரு ரெக்கார்டர் இருக்கும், விமானத்தோட கறுப்புப் பெட்டி மாதிரி. வேகம், திசை, ரேடார், பிரிட்ஜ்ல பேசின பேச்சு எல்லாம் அதுல பதிவாகும். ஒவ்வொரு கப்பலுக்கும் தனி ரெக்கார்டர், துறைமுகத்துக்குத் தன்னோட தனிப் பதிவு. சொந்தக்காரர் வேற வேற, கொடி வேற வேற, அதனால தனித்தனியா இருக்கிறதுதான் சரி. 2014 ஜூலைக்கு அப்புறம் பொருத்துற வி.டி.ஆர். 30 நாள் பதிவு வச்சிருக்கணும், அதுலயும் மூழ்கினா மீட்கிற பெட்டிக்குள்ள கடைசி 48 மணி நேரம் இருக்கணும்னு சர்வதேசத் தரம் இருக்கு. தனித்தனிப் பதிவை ஒண்ணு சேர்த்துக் கதை சொல்ல முடியுறதுக்குக் காரணம் மூணு: எல்லாருக்கும் ஒரே நேரம், எல்லாருக்கும் ஒரே வடிவம், விசாரணை வந்தா திறந்து காட்டியே ஆகணும்ங்கிற விதி. இந்த மூணும் இல்லாம தனித்தனியா வச்சா அது டிசைன் ஆகாது, வெறும் சிதறல்.

அடுத்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட கொசஸ்தலையாறு, எண்ணூர் கழிமுகம் வரைக்கும் எண்ணெய் பரவிச்சு. எங்க இருந்து வந்ததுங்கிறதே பல நாள் வாக்குவாதமா இருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போய்த்தான் மணலி சிபிசிஎல் பக்கம் விரல் நீண்டது. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் கடல் ஓரத்துல கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டு வர்ற கடலடிக் குழாய்ல கசிவு. ஜனங்க நடுராத்திரி வீட்டை விட்டு ஓடினாங்க, பலர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நள்ளிரவுக்கு அப்புறம் ஆலை வாசல் பக்கத்துல அளந்தப்போ ஒரு கனமீட்டர் காத்துல 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. 24 மணி நேர சராசரிக்கான வரம்பு 400.

இந்த ஒரு எண் நமக்குத் தெரியுறதுக்குக் காரணம், ஆலைக்கு வெளியே இருக்கிற ஒருத்தர் அளந்து, தன் ஏட்டுல எழுதினது. குழாயோட அழுத்தம் எப்போ குறைஞ்சது, யார் வால்வை மூடினாங்கங்கிறது ஆலையோட ஏடு. யார் மூச்சு முட்டி எத்தனை மணிக்கு வந்தாங்கங்கிறது ஆஸ்பத்திரியோட ஏடு. ஒரே ராத்திரி, மூணு வொர்க்ஸ்பேஸ்.

இதுக்குத் தீர்வா அரசாங்கம் ஏற்கெனவே ஒரு டிசைன் வச்சிருக்கு. 2014 பிப்ரவரியில மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகம் மாசு பண்ற 17 வகைத் தொழில்களை, புகைபோக்கிலயும் கழிவுநீர்லயும் ஆன்லைன் சென்சார் வைக்கச் சொல்லிச்சு. தமிழ்நாட்டுல அந்த அளவுகள் கிண்டியில இருக்கிற வாரியத்தோட கேர் ஏர் சென்டருக்கு வருது. சென்சார் ஆலையோடது, ஆனா காப்பி உடனே வெளியே போயிடும். ஊர்க் காத்துக்குத் தனி நிலையங்கள் உண்டு. மணலியில இருக்கு, நம்ம ராயபுரத்துலயும் இருக்கு. அந்த அளவை யார் வேணும்னாலும் ஆன்லைன்ல பார்க்கலாம்.

எனக்கு இந்த டிசைன் பிடிச்சிருக்கு. அதோட ஓட்டையும் நமக்குப் பாடம். புகைபோக்கி சென்சாருக்குக் கடலுக்கடியில போற குழாயைப் பத்தி என்ன தெரியும்? அனுப்பாத லாக்குக்கு எந்த அலமாரியும் உதவாது. ஒரே இடம், பல இடம்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி, எதெல்லாம் எழுதுறோம்ங்கிற பட்டியல் சரியா இருக்கணும்.

அழிக்கிற பட்டன் யார் கையில?

இப்போ என் பிடிவாதத்துக்கு வரேன். ஒரு ஆலை தன் கசிவைப் பத்தின ஒரே பதிவையும் தானே வச்சிருந்தா நாம நம்ப மாட்டோம். ஆலை நல்லதாவே இருக்கலாம். அப்பவும் நம்ப மாட்டோம், அது நியாயமும் கூட. அதே அளவுகோலை நம்ம கோட் மேலயும் வைக்கணும். ஒரு அட்மின் செஞ்ச வேலையோட லாக், அதே அட்மின் டெலீட் பண்ணக்கூடிய வொர்க்ஸ்பேஸ்ல இருந்தா அந்த லாக்குக்கு என்ன மதிப்பு? உள்ளே நுழைஞ்ச திருடன் அந்த அட்மின் பாஸ்வேர்டோடதானே வருவான். முதல் வேலையா ஏட்டைக் கிழிப்பான்.

ஏடபிள்யூஎஸ் கன்ட்ரோல் டவர்ல இதுக்குன்னே லாக் ஆர்க்கைவ்னு ஒரு தனி அக்கவுன்ட் உண்டாகும். எல்லா அக்கவுன்ட்டோட ஆடிட் லாக்கும் அங்க போகும், வேலை பார்க்கிற டீமுக்கு அங்க கை வைக்க அனுமதி இருக்காது. கூகுள் கிளவுட்ல அட்மின் வேலைகளோட ஆடிட் லாக் 400 நாள் இருக்கும், அதை நீங்களே நினைச்சாலும் குறைக்க முடியாது. இது மத்தியப்படுத்தல்தான், ஆனா பிரிவும் உள்ளே இருக்கு. சேர்த்து வைக்கிறது ஒரு இடம், சாவி வேற ஆள் கையில.

'எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சா அது போனா எல்லாம் போச்சே'ன்னு நீங்க கேட்கலாம். நல்ல கேள்வி. 2024 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட்டுக்கே இது நடந்தது. அவங்க உள் மானிட்டரிங் ஏஜென்ட்ல ஒரு பக். செப்டம்பர் 2ல இருந்து 19 வரைக்கும் சில சேவைகளோட வாடிக்கையாளர் லாக் முழுசா சேரல, சென்டினல் லாக் உட்பட. போன லாக் திரும்பி வரல. இங்க ஒண்ணு கவனிங்க. நீங்க அஸூருக்குள்ளயே பத்து வொர்க்ஸ்பேஸ் வச்சிருந்தாலும் இதுல தப்பிச்சிருக்க முடியாது, ஏன்னா உடைஞ்சது அலமாரி இல்ல, அலமாரிக்குக் கொண்டு வர்ற வண்டி. ஒரே வண்டியில வந்து பத்து அலமாரியில அடுக்குறதுக்குப் பேர் பாதுகாப்பு கிடையாது. முக்கியமான லாக்குக்கு வேற வழியில, வேற இடத்துக்குப் போற ஒரு காப்பி வேணும். எல்லாத்துக்கும் வேண்டாம், காசு தாங்காது. ஆடிட்டுக்கும் செக்யூரிட்டிக்கும் போதும்.

'கேள்வி கேட்க வசதி இருக்கே, ஒரே க்வெரியில 100 வொர்க்ஸ்பேஸ் வரைக்கும் சேர்த்துத் தேடலாமே'ன்னு இன்னொரு வாதம் வரும். அஸூர்ல முடியும், உண்மைதான். ஆனா அந்த நூறுலயும் உங்களுக்கு அனுமதி இருக்கணும், நூறுலயும் டேபிள் பேர் ஒத்துப் போகணும், நூறுலயும் நாள் கணக்கு ஒண்ணா இருக்கணும். வேற காரணத்துக்காகப் பிரிச்சவங்களுக்கு அந்த வசதி ஒரு நல்ல துணை. அதை நம்பிப் பிரிக்காதீங்க.

இந்த வாரம் நீங்க செய்யக்கூடியது

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இதெல்லாம் ஓவர்னு தோணும். வொர்க்ஸ்பேஸ் ஒண்ணே போதும், அதுல சந்தேகமில்ல. ஆனா பழக்கத்துக்கு ஒரு ஏ4 பேப்பர் எடுங்க. அஞ்சு காலம் போடுங்க: என்ன லாக், யாரோடது, எத்தனை நாள் வேணும், யார் படிக்கலாம், யார் அழிக்கலாம். உங்க ப்ராஜெக்ட்ல உள்ள ஒவ்வொரு லாக்கையும் ஒரு வரியா எழுதுங்க. கடைசி நாலு காலமும் ஒரே மாதிரி இருக்கிற வரிகளை எல்லாம் ஒண்ணா போடுங்க. ஏதாவது ஒரு காலம் நிஜமாவே வேற ஆச்சுன்னா அங்க பிரிங்க, பக்கத்துலயே காரணத்தை எழுதுங்க. கடைசியா, 'யாரோடது'ங்கிற காலத்துலயும் 'யார் அழிக்கலாம்'ங்கிற காலத்துலயும் ஒரே பேர் வர்ற ஆடிட் லாக் வரியைச் சிவப்பு மையில சுத்துங்க. அதைத்தான் முதல்ல மாத்தணும்.

அந்தப் பேப்பரை ரிவ்யூவுக்குக் கொண்டு போங்க. 'ஏன் ஒரே வொர்க்ஸ்பேஸ்'னு சார் கேட்டாலும், நாளைக்கு வேலையில 'ஏன் ரெண்டு'ன்னு மேனேஜர் கேட்டாலும் உங்க கையில பதில் இருக்கும். நம்ம சீனியர்கள்ல சிலர் மணலியிலயும் எண்ணூர்லயும் இருக்கிற ஆலைகளோட கன்ட்ரோல் ரூம்லயே வேலைக்குப் போயிருக்காங்க, நம்ம பேட்ச்லயும் போவாங்க. சென்சார் லாக் எங்க போகணும், எத்தனை நாள் இருக்கணும்னு அங்க ஒரு மீட்டிங் நடக்கும். அந்த டேபிள்ல நீங்க உட்கார்ந்திருந்தா, காப்பி ஒண்ணு வெளியே போகட்டும்னு சொல்லுங்க. காத்து எங்க பக்கம்தான் அடிக்குது.

பிரிச்சு வைக்கிறதுதான் எப்பவும் சரின்னு நினைக்கிறவங்க இருந்தா அடுத்த இதழுக்கு எழுதுங்க. உங்க அஞ்சு கால டேபிளோட வாங்க, பேசலாம்.